உப்புக்காற்றில் கைத்துப்பாக்கி: மாற்றி வைப்பதும் பராமரிப்பதும் – குமரி மாவட்டத்துக்கான முழு வழிகாட்டி

குமரி மாவட்டத்தில் லைசென்ஸ் துப்பாக்கி கெட்டுப்போவது சுட்டுச் சுட்டு அல்ல, இடுப்பில் சும்மா கிடந்துதான். ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சித் தளத்தில், 50 தோட்டா சுட்டவர் துப்பாக்கியைத் துடைக்காமல் வைக்க மாட்டார். கரி கண்ணில் படும், கையில் ஒட்டும். மாதக்கணக்கில் ஹோல்ஸ்டர் எனும் இடுப்பு உறையில் கிடந்து ஒரு தோட்டாவும் சுடாத துப்பாக்கியின் பிடிப்பலகையைக் கழற்றிப் பாருங்கள். வெளியே கறுப்பு மெருகு குலையாமல் இருக்கும், உள்ளே செம்மண் பூசியதுபோல் துரு படர்ந்திருக்கும்.

காரணம் உப்பு. வியர்வையிலும் உப்பு, குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கத்துக் காற்றிலும் உப்பு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, அது ஓய்ந்ததும் வடகிழக்குப் பருவமழை என்று இரண்டையும் வாங்கும் மாவட்டம் இது. ஈரப்பதம் அந்த அளவுக்குக் கீழே இறங்கும் இரவுகள் குறைவு. ஆகவே உப்பின் மேல் எண்ணெய் பூசிப் பயனில்லை. எண்ணெய்ப் படலத்துக்கு அடியில் உப்பு தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். முதலில் உப்பை எடுக்க வேண்டும், பிறகு உலர்த்த வேண்டும், அதன்பிறகுதான் எண்ணெய். கீழே வரும் எல்லாமே இந்த வரிசையைச் சுற்றித்தான்.

எத்தனை, எவை

2019-இல் ஆயுதச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிகள்தான் வைத்துக்கொள்ளலாம், முன்பு மூன்று. போட்டியில் சுடும் வீரர்களுக்குத் தனி விலக்கு உண்டு. லைசென்ஸ் காலமும் 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டாக ஆனது. 9 மி.மீ. போன்றவை பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட ரகம். அதனால் இங்கே லைசென்ஸ்காரர்கள் கையில் பெரும்பாலும் இருப்பவை .32 ரிவால்வர், 7.65 மி.மீ. பிஸ்டல், சிலரிடம் .22. கான்பூரில் செய்யும் .32 ரிவால்வர் பழைய வெப்லி அமைப்பைப் பின்பற்றியது: மேல் பூட்டை விடுவித்தால் குழல் முன்பக்கம் மடிந்து திறக்கும், ஆறு தோட்டா பிடிக்கும். 2014-இல் வந்த நிர்பீக் ரிவால்வரும் ஆறு தோட்டா .32 தான், உடல் டைட்டானியம் கலவை, எடை ஏறக்குறைய அரைக் கிலோ. 'டைட்டானியம் துருப்பிடிக்காது' என்று அதைக் கவனிக்காமல் விடுபவர்கள் உண்டு. உள்ளே இருக்கும் வில்லும் திருகும் எஃகு என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இரண்டையும் எப்படி மாற்றி மாற்றி எடுப்பது

தினம் ஒன்றாக மாற்றாதீர்கள். இரண்டும் வேறு வேறு அமைப்பாக இருந்தால் கை குழம்பும். ஒன்றில் சேஃப்டி கேட்ச் இருக்கும், மற்றதில் இருக்காது. ஒன்றின் ட்ரிகர் நீளமாக இழுபடும், மற்றது சட்டென்று விழும். மாதம் ஒருமுறை மாற்றினால் போதும். தமிழ் மாதப் பிறப்போ ஆங்கிலத் தேதியோ, மறக்காத ஒரு நாளாக வைத்துக்கொள்ளுங்கள். மாற்றும் நாளன்று இரண்டு வேலை: இறக்கி வைப்பதை முழுமையாகச் சுத்தம் செய்ய வேண்டும், எடுப்பதை வெறுமையாக வைத்து ஹோல்ஸ்டரிலிருந்து எடுத்து, குறிபார்த்து, ட்ரிகர் இழுத்துக் கைக்குப் பழக்க வேண்டும். அதற்கு 15 நிமிடம் ஒதுக்குங்கள். .22 ரிவால்வரை வெறுமையாக வைத்து ட்ரிகர் இழுக்கக் கூடாது. தோட்டாவைத் தட்டும் ஊசி, தோட்டா உட்காரும் அறையின் விளிம்பில் மோதி ஊசியும் கெடும், விளிம்பும் நசுங்கும். .32-க்கு ஸ்நாப் கேப் எனப்படும் போலித் தோட்டா போட்டுக்கொண்டால் ஊசிக்கு நல்லது.

மழைக்காலத்தில் எது? இரண்டில் ஒன்று துருப்பிடிக்காத எஃகாகவோ டைட்டானியமாகவோ இருந்தால் ஜூன் முதல் டிசம்பர் வரை இடுப்புக்கு அது. கறுப்பு மெருகேற்றிய பழைய ரிவால்வர் வீட்டில் உலர்ந்து இருக்கட்டும், கோடையில் வெளியே வரட்டும். எங்களைக் கேட்டால், புதிதாக வாங்குபவர் இரண்டையும் ஒரே அமைப்பில் வாங்குவதே மேல். ஒன்று ரேஞ்சுக்குத் தேயட்டும், மற்றது இடுப்புக்கு. ஒரே தோட்டா, ஒரே ஹோல்ஸ்டர், ஒரே பழக்கம்.

வேட்டிக்கு மேல் கட்டும் பச்சை பெல்ட் பணம் வைக்க நல்லது, துப்பாக்கிக்கு ஆகாது. அது தொய்யும், எடை ஒரு பக்கம் இழுக்கும். மடியில் செருகுவது அதைவிட மோசம், ட்ரிகரைத் துணி இழுக்கும். ட்ரிகரை முழுதும் மூடும் ஹோல்ஸ்டரும் விறைப்பான பெல்ட்டும் கட்டாயம். வெளியே தெரியாமல் மறைத்துத்தான் எடுத்துச் செல்ல வேண்டும் என்பது விதி. கன்னியாகுமரி பகவதி அம்மன் கோயில்போலச் சட்டையைக் கழற்றி நுழையும் இடங்களுக்குப் போகும் நாளில் துப்பாக்கி வீட்டுப் பெட்டகத்திலேயே இருக்கட்டும். காரில் விட்டுப் போவது யோசனையே அல்ல. லைசென்ஸ் தமிழ்நாட்டுக்கு மட்டும் என்றால் கேரள எல்லையிலுள்ள களியக்காவிளையோடு அது முடிந்தது. 2015 தேசிய விளையாட்டுக்காகக் கட்டிய திருவனந்தபுரம் வட்டியூர்க்காவு ரேஞ்ச் நாகர்கோவிலிலிருந்து கிட்டத்தான், ஆனால் அகில இந்திய அனுமதி இல்லாமல் சொந்தத் துப்பாக்கியோடு எல்லையைத் தாண்டக் கூடாது.

எதற்கும் முன்னால்: வெறுமையாக்குவது

குழல்வாய் ஆள் இல்லாத கனத்த சுவரை நோக்கி இருக்கட்டும். விரல் ட்ரிகருக்கு வெளியே. ரிவால்வர் என்றால் திறந்து ஆறு அறையையும் எண்ணிப் பாருங்கள். பிஸ்டல் என்றால் முதலில் மேகசினை, அதாவது தோட்டா அடுக்கிய பெட்டியைக் கழற்றுங்கள், பிறகு மேலே முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடை இழுங்கள். இந்த வரிசை மாறித்தான் வீட்டுக்குள் வெடிக்கிறது: மேகசின் உள்ளே இருக்கும்போதே ஸ்லைடை இழுத்தால் ஒரு தோட்டா வெளியே விழும், அடுத்தது அறைக்குள் ஏறிவிடும், கையில் இருப்பவர் 'காலி' என்று நினைத்துக்கொள்வார். கண்ணால் பார்த்த பிறகு சுண்டுவிரலை விட்டும் தடவிப் பாருங்கள். தோட்டாக்கள் எல்லாவற்றையும் வேறு அறையில் வைத்துவிட்டு வந்த பிறகுதான் எண்ணெய்ப் புட்டியைத் திறக்க வேண்டும்.

இடுப்பில் இருக்கும் நாட்களில்

இரவு வீடு வந்ததும் இரண்டு நிமிட வேலை. பழைய பருத்தித் துணியை டிஸ்டில்டு வாட்டரில், அதாவது பேட்டரிக்கு ஊற்றும் அதே தண்ணீரில், லேசாக நனைத்துப் பிழிந்து வெளிப்பரப்பை ஒருமுறை துடையுங்கள். கடற்கரை ஊர்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரே உப்பு. அதில் துடைத்தால் எடுத்த உப்பைத் திரும்பப் பூசியதாக ஆகும். உடனே உலர்ந்த துணி, பிறகு எண்ணெய் தொட்ட துணி. உடம்பைத் தொட்டுக்கொண்டிருந்த பக்கம், சுத்தியின் பின்புறம், ட்ரிகர் வளையம், குறிமுள் ஆகிய நான்கையும் கூடுதலாகப் பாருங்கள், துரு அங்கேதான் முதலில் விழும்.

தோல் ஹோல்ஸ்டரிலேயே வைத்துப் பூட்டுவதுதான் மிகப் பெரிய தவறு. தோல் பகல் முழுதும் குடித்த வியர்வையை இரவு முழுதும் துப்பாக்கிக்குக் கொடுக்கும். ஹோல்ஸ்டரை வெளியே காற்றில் தொங்கவிடுங்கள், வெயிலில் அல்ல. கைடெக்ஸ் எனும் கெட்டி பிளாஸ்டிக் ஹோல்ஸ்டர் ஈரம் குடிக்காது, ஆனால் மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மணவாளக்குறிச்சி பக்கத்துக் கருமணலில் இல்மனைட், சிர்கான், கார்னெட் எல்லாம் உண்டு. கார்னெட்டைத் தேய்ப்புத் தாள் செய்யவே பயன்படுத்துகிறார்கள். அது ஸ்லைடு பள்ளத்தில் புகுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கடற்கரைக்குப் போய்வந்த நாளில் ஹோல்ஸ்டரைக் கழுவி உலர்த்துங்கள்.

எண்ணெய் பற்றி ஒரு வார்த்தை. தேங்காய் எண்ணெய் வேண்டாம். எந்த வீட்டிலும் முதலில் கைக்கு வருவது அதுதான், ஆனால் நாள்பட்டால் காறி, பிசினாகி, சுத்தியின் அச்சைக் கட்டிப்போடும். தையல் மெஷின் எண்ணெய் உராய்வுக்கு ஓடும், உப்புக்காற்றைத் தாங்காது. டபிள்யூடி-40 நனைந்த துப்பாக்கியிலிருந்து தண்ணீரை விரட்ட உதவும். அதையே காவலாக நம்பி விடாதீர்கள், அதற்கு மேல் சரியான துப்பாக்கி எண்ணெய் வேண்டும். மரப்பிடிக்கு மார்த்தாண்டத்துத் தேன்மெழுகை மெல்லத் தேய்த்தால் ஈரம் ஏறாது.

ரிவால்வர்: முழுச் சுத்தம்

சுட்ட அன்றே செய்ய வேண்டும். சுடாவிட்டாலும் மாதம் ஒருமுறை. தேவையானவை: பித்தளை ராடு, .32 அளவு பாஸ்பர் பிரான்ஸ் பிரஷ், கரி கரைக்கும் சால்வென்ட், துப்பாக்கி எண்ணெய், பல் தேய்க்கும் பழைய பிரஷ், 3 செ.மீ. சதுரமாக வெட்டிய துணி 20 துண்டு. பழைய வேட்டித்துணி அருமையாக உதவும், கஞ்சி போக இரண்டு முறை அலசியிருந்தால்.

1. திறந்து, சால்வென்ட் நனைத்த துணியைக் குழலிலும் ஆறு அறைகளிலும் ஒவ்வொரு முறை ஓட்டுங்கள். 10 நிமிடம் ஊறட்டும். இந்த நேரத்தில் வெளிப்பகுதியைத் துடைத்து முடிக்கலாம்.

2. பிரஷை அறைகளுக்குள் முறுக்கியபடி நாலைந்து தடவை, குழலில் பத்துத் தடவை. குழல்வாயின் விளிம்பில் ராடு உரசக் கூடாது. குறி தவறாமல் போவது அந்த விளிம்பால்தான். பாதி வழியில் பிரஷைத் திருப்பி இழுக்காதீர்கள், முடி வளைந்து மாட்டிக்கொள்ளும்.

3. குழலின் பின்முனையைப் பாருங்கள். .32-க்கு வரும் ஈயக்குண்டு உருளையிலிருந்து குழலுக்குத் தாவும் இடம் அது. அங்கே வெள்ளிக்கோடுபோல் ஒட்டியிருப்பது ஈயம். சால்வென்ட் அதைக் கரைக்காது. பாத்திரம் தேய்க்கும் செம்புக்கம்பிச் சுருளிலிருந்து சில இழையைப் பழைய பிரஷில் சுற்றித் தேய்த்தால் உரிந்து வரும். கடையில் 'செம்பு' என்று விற்பதில் பாதி, செம்பு முலாம் பூசிய இரும்பு. காந்தம் ஒட்டினால் அதைத் தொடாதீர்கள், குழலைக் கீறிவிடும்.

4. வெற்றுக்கூட்டை வெளியே தள்ளும் எஜெக்டர் நட்சத்திரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதன் அடியைப் பல் பிரஷால் உலர்வாகத் துடையுங்கள். எரியாத மருந்துத் துகள் ஒன்றிரண்டு அங்கே தங்கினாலே நட்சத்திரம் சரியாக உட்காராது. தோட்டா போட்டு மூடும்போது உருளை இறுகும், ட்ரிகர் கல்லாகும். 'ரிவால்வர் ஜாம் ஆகாது' என்பவர்களுக்கு இதைக் காட்டுங்கள். சுட்ட வெற்றுக்கூட்டை வெளியேற்றும்போது குழல்வாயை மேல்நோக்கிப் பிடித்தால் துகள் அடியில் விழாமல் வெளியே கொட்டிவிடும். இந்த இடத்தில் எண்ணெய் வேண்டாம், பிசுக்கு துகளைப் பிடிக்கும்.

5. துணி வெள்ளையாக வெளிவரும்வரை குழலில் உலர்ந்த துணியை ஓட்டுங்கள். பிறகு எண்ணெய் தொட்ட துணி ஒன்று, மெல்லிய படலமாக. சுடப்போகும் நாளில் அதையும் உலர்ந்த துணியால் எடுத்துவிட வேண்டும்.

6. எண்ணெய் மொத்தம் ஐந்து சொட்டு: மடியும் கீலுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, மேல் பூட்டுக்கு ஒன்று, உருளை அச்சுக்கு ஒன்று, சுத்தி வேருக்கு ஒன்று. கூடுதலாக ஊற்றினால் அது வழிந்து தோட்டாவின் அடியில் தீப்பொறி கொடுக்கும் பிரைமருக்குள் போகும். அப்புறம் ட்ரிகர் இழுத்தால் 'டிக்' என்ற சத்தம் மட்டும்தான்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிடிப்பலகையைக் கழற்றுங்கள். திருகின் வெட்டுக்குச் சரியாகப் பொருந்தும் அகலத்தில் ஸ்க்ரூடிரைவர் வேண்டும். சின்னதை வைத்துத் திருகினால் தலை பிய்யும், பலகையில் கீறலும் விழும். உள்ளே சேர்ந்த வியர்வை உப்பைத் துடைத்து, உலர்த்தி, எண்ணெய்த் துணியால் ஒற்றி மூடுங்கள். அதற்கு மேல் பக்கத் தகட்டைத் திறந்து உள்ளே கை வைப்பது லைசென்ஸ் பெற்ற பழுதுபார்ப்பவரின் வேலை. வீட்டில் அரம் போடுவது துப்பாக்கிக்கும் கேடு, சட்டத்துக்கும் புறம்பு.

மூடும்போது படங்களில் வருவதுபோல் ஒரு கையால் உதறி மூடாதீர்கள். மேல் பூட்டும் கீலும் தளர்வது அதனால்தான். தளர்ந்ததா என்று பார்க்க, வெறுமையான துப்பாக்கியை மூடி, குழலை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். கையில் ஆட்டம் தெரிந்தால் சுடாதீர்கள். உருளைக்கும் குழலுக்கும் இடையிலான இடைவெளியை, மெக்கானிக்குகள் வால்வு கேப் பார்க்கும் ஃபீலர் கேஜ் வைத்து அளக்கலாம், 0.10 முதல் 0.25 மி.மீ.க்குள் இருப்பது நல்லது. கூடிக்கொண்டே போனால் பக்கவாட்டில் தீயும் ஈயத்துண்டும் தெறிக்கும்.

7.65 பிஸ்டல்

கழற்றும் முறை மாடலுக்கு மாடல் மாறும், கூடவே வந்த கையேட்டைப் பாருங்கள். குழலைச் சுற்றிச் சுருள்வில் உள்ள வகையில் மூக்கு வளையத்தைத் திருப்பும்போது உள்ளங்கையால் அழுத்திப் பிடியுங்கள், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். விட்டால் வில் பாய்ந்து கட்டிலுக்கு அடியில் போகும்.

குழல், அறை, ஸ்லைடின் உள்முகம், கூட்டை இழுத்தெடுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கியின் அடி ஆகியவற்றைச் சுத்தம் செய்யுங்கள். ஸ்லைடு ஓடும் பள்ளத்துக்குப் பக்கத்துக்கு ஒரு சொட்டு, குழலின் வெளிப்புறத்துக்கு ஒரு சொட்டு. ஊசி இருக்கும் துளைக்கு எண்ணெய் போடவே கூடாது. மேகசினுக்கும் அப்படியே: கழற்றி, உலரத் துடைத்து, அப்படியே மாட்ட வேண்டும்.

இந்தத் தோட்டாவின் அடியில் சிறிய விளிம்பு ஒன்று லேசாக வெளியே நிற்கும். மேகசினில் போடும்போது மேலே வரும் தோட்டாவின் விளிம்பு, கீழே உள்ளதன் விளிம்புக்கு முன்னால் உட்கார வேண்டும். பின்னால் போய்விட்டால் இரண்டும் கொக்கிபோல் மாட்டிக்கொண்டு மேகசின் அப்படியே பூட்டிக்கொள்ளும். ஸ்லைடை எத்தனை தடவை இழுத்தாலும் ஏறாது. நிரப்பி முடித்ததும் மேகசினின் முதுகை உள்ளங்கையில் தட்டுவது பழக்கம். அது தோட்டாக்களை ஒழுங்காக உட்கார வைக்கும், ஆனால் தப்பாகப் போட்ட விளிம்பைச் சரிசெய்யாது.

தோட்டாவையும் மாற்ற வேண்டும்

துப்பாக்கியை மாற்றுபவர்கள்கூடத் தோட்டாவை மறந்துவிடுகிறார்கள். இடுப்பில் சுமந்த தோட்டாவை ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரேஞ்சில் சுட்டு முடித்துவிட்டு, பெட்டியிலிருந்து புதியது எடுங்கள். பெட்டியின் மேல் வாங்கிய தேதியை எழுதி வையுங்கள், பழையது முதலில் போக வேண்டும். பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறியதைத் தனியே ஒதுக்கிவிடுங்கள். துடைக்க எண்ணெய் தொடாத உலர்ந்த துணி மட்டும்.

பிஸ்டலில் இன்னொரு விஷயம். இரவில் இறக்கி, காலையில் அதே தோட்டாவை அறைக்கு ஏற்றிக்கொண்டே இருந்தால் குண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுக்குள் அமுங்கும். சுடும்போது அழுத்தம் எகிறும். வெர்னியரால் அளந்து பாருங்கள். 7.65 தோட்டாவின் முழு நீளம் அதிகபட்சம் 25 மி.மீ. அதே பெட்டியின் புதுத் தோட்டாவோடு ஒப்பிட்டு, கால் மி.மீ.க்கு மேல் குறைந்திருந்தால் அதைத் திரும்ப ஏற்றாதீர்கள்.

ரேஞ்சில்

லைசென்ஸில் எழுதியிருக்கும் தோட்டா எண்ணிக்கைக்குள்தான் எல்லாம். ஆகவே கணக்காகச் சுட வேண்டும். ஒரு தடவைக்கு 30 போதும். முதல் ஆறும் இடுப்பில் இருந்த துப்பாக்கியும் அதிலிருந்த தோட்டாவுமாக இருக்கட்டும், துடைக்காமல், இருந்தபடியே. அவசரத்தில் அது எப்படி நடந்துகொள்ளும் என்பது அப்போதுதான் தெரியும். மீதியைப் பயிற்சித் துப்பாக்கியில் சுடுங்கள். தேதி, எண்ணிக்கை, என்ன கோளாறு என்று ஒரு சின்ன நோட்டில் எழுதுங்கள். 'மூன்றாவது அறையில் மட்டும் வெடிக்கவில்லை' என்ற ஒரு வரி பழுதுபார்ப்பவருக்குப் பெரிய உதவி. வெற்றுக்கூட்டைப் பொறுக்கி எண்ணி வைப்பதும் நல்லது.

வெடிக்காவிட்டால் குழல்வாயை இலக்கை நோக்கியே வைத்து 30 விநாடி காத்திருங்கள், தாமதித்து வெடிக்கும் தோட்டா உண்டு. அதைவிட ஆபத்து, சத்தம் 'புஸ்' என்று மெலிந்து வருவது. குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும். உடனே நிறுத்தி, வெறுமையாக்கி, ராடை நுழைத்துப் பாருங்கள். வேகம் குறைந்த .32 ஈயத் தோட்டாவில் இது நடக்கக்கூடியதே.

முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் டீ. துடைத்த துணிகளில் ஈயம் இருக்கும். பையில் கட்டி எறியுங்கள், அடுப்பில் போடாதீர்கள்.

வீட்டுப் பெட்டகமும் தேர்தல் காலமும்

பீரோவோ பெட்டகமோ, கடலைப் பார்த்த சுவரில் ஒட்டி வைக்காதீர்கள். உள்ளே அரைக் கிலோ சிலிக்கா ஜெல்லும் சின்ன ஈரப்பதமானியும் வையுங்கள், முள் 50 சதவீதத்தை ஒட்டி நிற்க வேண்டும். ஆரஞ்சு நிற ஜெல் பச்சையானால் ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் சூடேற்றினால் திரும்ப உயிர் வரும். பேச்சிப்பாறை, கோதையாறு பக்கத்துத் தோட்ட வீடுகளில் உப்பு குறைவு, ஈரம் அதிகம். அங்கே ஜெல்லை இரட்டிப்பாக வையுங்கள். தோட்டாவுக்குத் தனிப் பெட்டி, தனிப் பூட்டு.

தேர்தல் அறிவிப்பு வந்ததும் துப்பாக்கியை ஒப்படைக்கும்படி உத்தரவு வரலாம். வந்தால், வாரக்கணக்கில் வேறொருவர் அலமாரியில், துடைப்பாரின்றிக் கிடக்கப் போகிறது. கொடுப்பதற்கு முந்தைய நாள் முழுச் சுத்தம் செய்து, வழக்கத்தைவிடத் தடிப்பாக எண்ணெய் பூசி, இயந்திர உதிரிகளைச் சுற்றிவரும், துருவைத் தடுக்கும் விசிஐ தாளில் பொதிந்து கொடுங்கள். ஹோல்ஸ்டரோடு கொடுக்காதீர்கள். ரசீதில் துப்பாக்கி எண்ணும் தோட்டா எண்ணிக்கையும் சரியாக எழுதியிருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். திரும்ப வாங்கியதும் தோட்டா போடும் முன் குழலுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்து, அடைந்திருக்கும் எண்ணெயை உலர்ந்த துணியால் முழுதும் எடுத்துவிடுங்கள். எண்ணெய் தேங்கிய குழலில் சுட்டால் குழல் உப்பிவிடும்.